காட்பாடி ஜங்ஷனில் நிற்கும் கார்பன்: ஹைட்ரோகார்பன்களுக்குப் பெயர் வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடி ஜங்ஷனிலிருந்து தண்டவாளம் நாலு திசைக்கும் பிரிகிறது. கிழக்கே அரக்கோணம், மேற்கே ஜோலார்பேட்டை, வடக்கே சித்தூர், தெற்கே வேலூர் கன்டோன்மென்ட்டைத் தொட்டுத் திருவண்ணாமலை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரிம வேதியியல் தொடங்கும் முதல் நாள் நான் கரும்பலகையில் வரைவது இந்தப் படத்தைத்தான். கார்பனுக்கும் கை நாலு. அந்த நாலு கையும் எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். இன்னொரு கார்பனைப் பிடிக்கலாம், ஹைட்ரஜனைப் பிடிக்கலாம். இந்த இரண்டை மட்டும் வைத்துக் கட்டிய சேர்மம் ஹைட்ரோகார்பன்.

டியூஷனுக்கு வருகிற பாதிப் பேர் பெயரைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். “2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன்... எதுக்கு சார் இவ்ளோ நீளம்?” என்று கேட்டான் குடியாத்தத்திலிருந்து ரயிலேறி வரும் ஒரு பையன். “உன் வீட்டுக்கு வழி சொல்லு” என்றேன். “ஸ்டேஷன்ல இறங்கி நேரா வாங்க சார், ரெண்டாவது சந்துல திரும்புங்க, மூணாவது வீடு” என்றான். அதில் எந்த வார்த்தையை எடுத்தாலும் வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்க வேண்டியதுதான். ஹைட்ரோகார்பனின் பெயரும் அப்படி ஒரு வழி. எந்தப் பாதையில் போவது, எத்தனையாவது இடத்தில் திரும்புவது, திரும்பினால் என்ன இருக்கும், எல்லாம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் ஒருவர் அதைப் படித்தாலும் இங்கே நாம் வரைந்த மூலக்கூறையே வரைவார்.

இப்படி ஒரே மாதிரி வழி சொல்ல வேண்டும் என்று வேதியியலாளர்கள் ஜெனீவாவில் கூடிப் பேசியது 1892ல். 1919ல் உருவான ஐயூபேக் என்னும் பன்னாட்டு அமைப்பு அந்த வேலையை எடுத்துக்கொண்டு இன்றுவரை விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. நாம் பார்க்கப்போவது அந்த விதிகளில் பள்ளிக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் போதுமான பகுதி.

புள்ளி வைத்து எழுதுவோம்

மார்கழிக் கோலம் மாதிரி, ஒரு கார்பனுக்கு ஒரு புள்ளி. ●–●–●–● என்றால் வரிசையாக நாலு கார்பன். கிளை இருந்தால் அது முளைக்கும் புள்ளிக்குப் பக்கத்திலேயே பிறைக்குறிக்குள் போடுகிறேன். ●–●(●)–●–● என்பதில் இடமிருந்து இரண்டாவது கார்பனில் ஒரு கார்பன் கிளையாக நிற்கிறது. ஒற்றைக் கோடு ஒற்றைப் பிணைப்பு, = இரட்டைப் பிணைப்பு, ≡ முப்பிணைப்பு.

ஹைட்ரஜனை நான் வரையவில்லை. நாலு கையில் கார்பன் பிடித்தது போக மிச்சக் கையெல்லாம் ஹைட்ரஜன்தான். பரீட்சையில் அதையும் எழுதியாக வேண்டும். ஆனால் பெயர் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஹைட்ரஜன் கண்ணை மறைக்கிற கூட்டம். முதலில் எலும்புக்கூடு, அப்புறம் சதை.

வேர்ச்சொல்: இது ஒன்றுதான் மனப்பாடம்

ஒரு கார்பன் மெத், இரண்டு எத், மூன்று புரோப், நாலு பியூட், ஐந்து பென்ட், ஆறு ஹெக்ஸ், ஏழு ஹெப்ட், எட்டு ஆக்ட், ஒன்பது நோன், பத்து டெக். ஐந்திலிருந்து எல்லாம் எண்ணுப்பெயர்கள். ஒன்பது மட்டும் லத்தீன், மற்றவை கிரேக்கம். முதல் நாலும் பழைய வழக்கிலிருந்து ஒட்டிக்கொண்டவை. பியூட் என்பதன் மூலம் வெண்ணெய்க்கான லத்தீன் சொல். கெட்டுப்போன வெண்ணெயில் அடிக்கிற நாற்றத்துக்குக் காரணமான அமிலத்தில் நாலு கார்பன், அதனால் நாலுக்கு அந்தப் பெயர். இதைச் சொன்னபிறகு எந்தப் பிள்ளையும் பியூட்டை மறந்ததில்லை.

ஏன், ஈன், ஐன்

வேர்ச்சொல்லுக்குப் பின்னால் வருவது பின்னொட்டு. எல்லாம் ஒற்றைப் பிணைப்பு என்றால் ஏன், இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஈன், முப்பிணைப்பு இருந்தால் ஐன். நாலு கார்பனுக்கு பியூட்டேன், பியூட்டீன், பியூட்டைன். ஆக, ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன் என்று மூன்று குடும்பம். ஹைட்ரஜன் குறையக் குறைய உயிரெழுத்தை மட்டும் வரிசையாக மாற்றிப் பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், 1866ல்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டே, டீ, டை. கொம்பும் சுழியும்தான் வித்தியாசம். அவசரத்தில் ஒரு சுழி மாறினால் இரண்டு ஹைட்ரஜன் காணாமல் போய்விடும். அதைவிட மோசம் புரோப்பைனும் புரோப்பைலும். முதலாவது முப்பிணைப்புள்ள முழுச் சேர்மம், இரண்டாவது மூன்று கார்பன் கிளை. னகரத்துக்கும் லகரத்துக்கும் இடையில் ஒரு மதிப்பெண் போவதை விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி பார்க்கிறேன்.

ஹைட்ரஜன் எண்ணிக்கைக்கு வாய்க்கணக்கு போதும். ஆல்கேனில் கார்பனை இரட்டித்து இரண்டைக் கூட்டுங்கள். ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனில் இரட்டித்தால் சரி. ஒரு முப்பிணைப்புள்ள ஆல்கைனில் இரட்டித்து இரண்டைக் கழியுங்கள். பியூட்டேனில் 10, பியூட்டீனில் 8, பியூட்டைனில் 6.

முதல் படி: மெயின் லைன் எது?

தப்பு நடப்பதில் முக்கால்வாசி இங்கேதான். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

மூலக்கூறில் தொடர்ச்சியாகப் போகக்கூடிய மிக நீளமான கார்பன் சங்கிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேர்ச்சொல்லைத் தரும். கிடைமட்டமாக, நேராக வரைந்த வரிசைதான் நீளமானது என்று யாரும் சொல்லவில்லை. சங்கிலி மேலே ஏறலாம், கீழே இறங்கலாம், வளைந்து திரும்பலாம்.

காட்பாடிக்கே வருவோம். வழியில் இருக்கிற சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டு, சிலவற்றை மட்டும் கார்பனாக வைத்துக்கொள்வோம். அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. மொத்தம் ஏழு. காட்பாடியிலிருந்து வடக்கே சித்தூர் ஒன்று, தெற்கே வேலூர் கன்டோன்மென்ட் ஒன்று. இப்போது நீளமான பாதை அரக்கோணம் முதல் ஜோலார்பேட்டை வரை, ஏழு கார்பன், ஹெப்டேன். சித்தூரும் கன்டோன்மென்ட்டும் கிளைகள்.

அடுத்து, தெற்குப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டுவோம். கன்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று ஐந்து ஸ்டேஷன். இப்போது எது நீளம்? காட்பாடியில் நின்று நாலு பக்கமும் எண்ணுங்கள். கிழக்கே இரண்டு, மேற்கே நாலு, வடக்கே ஒன்று, தெற்கே ஐந்து. பெரிய இரண்டு கைகளையும் கூட்டி, நிற்கிற கார்பனுக்கு ஒன்றைச் சேர்த்தால் நாலும் ஐந்தும் ஒன்றும் பத்து. மெயின் லைன் இப்போது ஜோலார்பேட்டையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறது! சென்னைப் பக்கம் இரண்டு ஸ்டேஷனோடு வெறும் கிளையாகிவிட்டது. எந்த லைனில் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது என்பது ரயில்வேயின் கவலை. கார்பனுக்கு எண்ணிக்கைதான் கணக்கு.

கிளை பிரிகிற கார்பனில் நின்று நாலு கையையும் எண்ணி, பெரிய இரண்டைக் கூட்டும் இந்த முறை, ஒரே இடத்தில் கிளை பிரியும் மூலக்கூறுகளுக்கு அப்படியே பொருந்தும். பல இடத்தில் பிரிந்தால் ஒவ்வொரு முனையிலிருந்தும் மற்ற முனைகளுக்கு விரல் வைத்துப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நோட்டில் அடிக்கடி வரும் இரண்டு பிழைகளைக் காட்டுகிறேன். (ஒரு கார்பன் கிளைக்கு மெத்தில், இரண்டு கார்பன் கிளைக்கு எத்தில் என்று பெயர்.) ●–●(●–●)–●–● என்று வரைந்துவிட்டு, நேராக நாலு இருக்கிறது, இரண்டில் எத்தில் இருக்கிறது, ஆகவே 2-எத்தில்பியூட்டேன் என்று எழுதுவார்கள். கிளை பிரியும் புள்ளியில் நின்று எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, இரண்டு. பெரிய இரண்டும் ஒன்றும் சேர்ந்து ஐந்து. அது 3-மெத்தில்பென்டேன். இன்னொன்று ●(●)–●–●–●. இதற்கு 1-மெத்தில்பியூட்டேன் என்று பெயர் வைப்பார்கள். முனையில் ஒட்டிய கார்பன் கிளையே கிடையாது, சங்கிலியின் நீட்சி. அது சும்மா பென்டேன்.

இதிலிருந்து ஆல்கேனுக்கு ஒரு சோதனை கிடைக்கிறது: மெத்தில் 1ஆம் இடத்தில் வரவே வராது, எத்தில் 2ஆம் இடத்தில் வரவே வராது, புரோப்பைல் 3ஆம் இடத்தில் வரவே வராது. உங்கள் விடையில் வந்தால் சங்கிலியை மறுபடி எண்ணுங்கள்.

ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலி கிடைத்தால்? எதில் கிளைகள் அதிகமோ அதை எடுங்கள். கிளை அதிகமானால் ஒவ்வொரு கிளையும் சின்னதாகும், பெயர் வைக்க லேசு.

இரண்டாம் படி: எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது?

முதல் கிளை எந்த முனைக்குப் பக்கமோ அந்த முனையிலிருந்து. ஏழு ஸ்டேஷன் படத்தில் அரக்கோணத்திலிருந்து எண்ணினால் காட்பாடி 3, ஜோலார்பேட்டையிலிருந்து எண்ணினால் 5. ஆகவே அரக்கோணம்தான் 1.

சிக்கல் வருவது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது. ●–●(●)(●)–●–●(●)–● என்பதைப் பாருங்கள். இடமிருந்து எண்ணினால் கிளைகள் 2, 2, 4. வலமிருந்து எண்ணினால் 2, 4, 4. முதல் எண் சமம். இரண்டாவது எண்ணில் 2க்கும் 4க்கும் போட்டி, 2 ஜெயிக்கிறது. ஆக 2,2,4. முதன்முதலில் வித்தியாசப்படும் இடத்தில் எது சின்னதோ அதுதான் விதி. எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைவானதை எடுக்கச் சொல்லித் தரும் பழக்கம் ஒன்று உண்டு. சின்ன மூலக்கூறுகளில் பெரும்பாலும் விடை ஒத்துப்போகும். பெரியவற்றில் காலை வாரிவிடும். அதைப் பழகாமல் இருப்பது நல்லது.

அந்த மூலக்கூறு வேறு யாருமில்லை, குடியாத்தம் பையன் கேட்ட 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன்தான். பெட்ரோல் பங்க்கில் ஆக்டேன் எண் என்று போட்டிருக்கிறார்களே, அந்த அளவுகோலில் இதற்கு 100, நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. பழைய பெயர் ஐசோ ஆக்டேன். எட்டு கார்பன் என்பதைத் தவிர அந்தப் பழைய பெயர் எதையும் சொல்லாது. எட்டு கார்பன் ஆல்கேன்களோ மொத்தம் 18.

மூன்றாம் படி: கிளைகளுக்குப் பெயர்

கிளையில் எத்தனை கார்பன் என்று பார்த்து, வேர்ச்சொல்லோடு ‘இல்’ சேர்க்க வேண்டும். மெத்தில், எத்தில், புரோப்பைல், பியூட்டைல். ஒரே கிளை இரண்டு முறை வந்தால் டை, மூன்று முறை ட்ரை, நாலு முறை டெட்ரா. ஆனால் எண் மட்டும் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் இருந்தால் எண்ணையும் இரண்டு முறை எழுத வேண்டும். நம் ஏழு ஸ்டேஷன் படம் 3,3-டைமெத்தில்ஹெப்டேன். ‘3-டைமெத்தில்’ என்று எழுதினால், சித்தூருக்கு வண்டி காட்பாடியில் மாறணும் என்று சொல்லிவிட்டு, வேலூருக்கு எங்கே மாறுவது என்று சொல்லாமல் விட்ட கதை.

நாலாம் படி: அகரவரிசை, ஆனால் நம்முடையது இல்லை

வெவ்வேறு கிளைகள் இருந்தால் அகரவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளை இந்த ஒரு வரி எவ்வளவு குழப்பும் என்பதை எந்த ஆங்கிலவழி ஆசிரியரும் யோசித்திருக்க மாட்டார். அகரவரிசை என்றதும் நமக்கு வருவது க, ங, ச என்ற வரிசை. விதி சொல்வதோ ஆங்கில எழுத்து வரிசை.

நம் வரிசைப்படி அடுக்கினால் எத்தில், பியூட்டைல், புரோப்பைல், மெத்தில். பகரத்துக்குப் பின்னால்தானே மகரம்? ஆங்கில வரிசைப்படி பியூட்டைல், எத்தில், மெத்தில், புரோப்பைல். இந்த நாலை இந்த வரிசையிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள், வேலை முடிந்தது. பின்னால் ஹாலஜன்கள் வரும்போதும் இதே கதைதான்: புரோமோ, குளோரோ, ஃபுளூரோ, அயோடோ என்ற வரிசையில் வரும். நம் வரிசையை நம்பினால் கடைசியில் வர வேண்டிய அயோடோ முதலில் ஏறிக்கொள்ளும்.

எத்திலும் மெத்திலும் மட்டும் வந்தால் இரண்டு வரிசையும் ஒத்துப்போவதால் ஒரு வருஷம் முழுக்கத் தப்பு வெளியே தெரியாது. புரோப்பைல் வரும்போதுதான் மாட்டுவோம். உதாரணமாக, ●–●–●(●)–●(●–●–●)–●–●–●. நீளமான சங்கிலி ஏழு. இடமிருந்து எண்ணினால் கிளைகள் 3, 4. வலமிருந்து 4, 5. இடதுதான் சரி. பெயர் 3-மெத்தில்-4-புரோப்பைல்ஹெப்டேன். தமிழ் வரிசையில் எழுதுகிறவர் 4-புரோப்பைல்-3-மெத்தில்ஹெப்டேன் என்பார், மதிப்பெண் போகும்.

டை, ட்ரை போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டைமெத்தில் என்பது மெத்திலின் இடத்தில்தான் நிற்கும். நடுக்கார்பனால் ஒட்டியிருக்கும் மூன்று கார்பன் கிளைக்கு ஐசோபுரோப்பைல் என்று பெயர்; அதில் உள்ள ஐசோ மட்டும் பெயரோடு ஒட்டிப் பிறந்தது, அது வரிசையில் சேரும்.

திருவண்ணாமலை வரை நீட்டிய படத்துக்கு இப்போது பெயர் வைக்கலாம். பத்துக் கார்பன் சங்கிலி, டெக்கேன். ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடி 5, திருவண்ணாமலையிலிருந்து 6. ஆகவே ஜோலார்பேட்டையிலிருந்து எண்ணுகிறோம். 5ல் வாலாஜா ரோடு, அரக்கோணம் சேர்ந்து ஓர் எத்தில். அதே 5ல் சித்தூர் ஒரு மெத்தில். 5-எத்தில்-5-மெத்தில்டெக்கேன். கார்பனைச் சரிபாருங்கள்: பத்து, இரண்டு, ஒன்று, மொத்தம் 13. படத்திலும் 13 ஸ்டேஷன்.

எழுதும் முறை

எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே காற்புள்ளி. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறு கோடு. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒன்றும் கிடையாது, இடைவெளிகூட. 2,3-டைமெத்தில்பென்டேன் என்பது ஒரே சொல். நாம் ‘மெத்தில் பென்டேன்’ என்று பிரித்து எழுதிப் பழகியவர்கள், கை தானாக இடைவெளி விடும்.

இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் வந்தால்

இது வரை கிளைதான் எண்ணும் திசையைத் தீர்மானித்தது. இரட்டைப் பிணைப்போ முப்பிணைப்போ வந்துவிட்டால் அதிகாரம் அதன் கைக்குப் போய்விடும். சங்கிலி அந்தப் பிணைப்பின் இரு கார்பனையும் உள்ளடக்க வேண்டும். அந்தப் பிணைப்புக்குச் சின்ன எண் கிடைக்கிற பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். கிளைக்குக் கிடைப்பது கிடைக்கட்டும்.

●–●=●–●(●)–● என்பதை எடுங்கள். வலமிருந்து எண்ணினால் கிளை 2 என்று ஆசை காட்டும். ஆனால் இரட்டைப் பிணைப்பு 3ல் போய்விடும். இடமிருந்து எண்ணினால் இரட்டைப் பிணைப்பு 2, கிளை 4. ஆக 4-மெத்தில்பென்ட்-2-ஈன். இரட்டைப் பிணைப்பு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிறது, சின்ன எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

அந்த 2ஐ எங்கே எழுதுவது என்பதில் பழைய நோட்டுக்கும் புதிய புத்தகத்துக்கும் சண்டை வரும். முன்பு 2-பென்டீன் என்று எழுதினார்கள். 1993 பரிந்துரைகளுக்குப் பிறகு எண், தான் குறிக்கும் பின்னொட்டுக்கு முன்னால் வந்தது: பென்ட்-2-ஈன். அண்ணனின் பழைய நோட்டை வாங்கிப் படிக்கிற பிள்ளைகள் இரண்டும் ஒன்றே என்று தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தால் டையீன், வேர்ச்சொல்லோடு ஓர் ஆகாரமும் சேரும். ●=●–●=● என்பது பியூட்டா-1,3-டையீன், செயற்கை ரப்பரின் மூலப்பொருள். இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் ஒரே சங்கிலியில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சின்ன எண்கள் வருகிற பக்கம். ●–●=●–●≡● இடமிருந்து 2, 4, வலமிருந்து 1, 3. வலதுதான் சரி: பென்ட்-3-ஈன்-1-ஐன். இரண்டு பக்கமும் சமமானால் மட்டும் ஈனுக்குச் சலுகை. ●=●–●–●≡● என்பது பென்ட்-1-ஈன்-4-ஐன்.

2013ல் ஐயூபேக் இன்னொரு மாற்றம் செய்தது: இரட்டைப் பிணைப்பை உள்ளடக்கினாலும் இல்லாவிட்டாலும் நீளமான சங்கிலிக்கே முதலிடம். ●–●–●(=●)–●–●–● என்பதைப் பள்ளி முறையில் 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்போம். புதிய முறையில் 3-மெத்திலிடீன்ஹெக்ஸேன் (இரட்டைப் பிணைப்பால் ஒட்டிய ஒரு கார்பன் கிளைதான் மெத்திலிடீன்). பரீட்சைக்குப் படிப்பவர்கள் பள்ளி முறையிலேயே இருங்கள். இங்கே எத்தில் 2ல் வந்திருக்கிறதே என்று கேட்டீர்கள் என்றால், கவனமாகப் படிக்கிறீர்கள். மேலே சொன்ன சோதனை ஆல்கேனுக்கு மட்டும்தான்.

பியூட்-2-ஈனில் இரட்டைப் பிணைப்பைச் சுற்றித் திரும்ப முடியாததால், இரு முனை மெத்திலும் ஒரே பக்கம் நின்றால் சிஸ், எதிரெதிரே நின்றால் டிரான்ஸ். இப்போதைக்கு அது போதும்.

வளையம்

இரு முனையும் கைகோத்துக்கொண்டால் முன்னால் சைக்ளோ. சைக்ளோஹெக்ஸேனில் ஒரே ஒரு கிளை இருந்தால் எண்ணே வேண்டாம், வட்டத்தில் எந்த இடமும் முதல் இடம்தான். இரண்டு இருந்தால் சின்ன எண்கள் வரும்படி சுற்றுங்கள். சமமானால் ஆங்கில அகரவரிசையில் முந்துவதற்கு 1. உதாரணம் 1-எத்தில்-3-மெத்தில்சைக்ளோஹெக்ஸேன். வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் இரு கார்பனும் 1, 2 என்று ஏற்கெனவே முன்பதிவு செய்யப்பட்டவை. 3-மெத்தில்சைக்ளோஹெக்ஸீன் என்பதில் 1ஐ எழுதாமல் விடுகிறோம்.

பென்சீன் என்னும் ஆறு கார்பன் வளையத்தில் ஒரு மெத்தில் என்றால் மெத்தில்பென்சீன், பழக்கத்தில் டொலுவீன். பீரோவில் போடுகிற நாப்தலீன் பாச்சை உருண்டையும் ஹைட்ரோகார்பன்தான். இரண்டு பென்சீன் வளையம் ஒட்டியது, அதன் பழைய பெயரை ஐயூபேக்கே வைத்துக்கொண்டது.

வட ஆற்காடு என்று இன்னும் சொல்கிறவர்கள்

வட ஆற்காடு மாவட்டம் 1989ல் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் 2019ல் மறுபடி மூன்றானது. ஆனாலும் ஊரில் பெரியவர்கள் “நம்ம வட ஆற்காடு ஜில்லா” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ரெவின்யூ ரெக்கார்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். வேதியியலிலும் அப்படித்தான். கேஸ் வெல்டிங் கடையில் போய் ஈத்தைன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். அங்கே அது அசிட்டிலீன். பழம் பழுக்க வைக்கும் அறைகளில் விடுகிற எத்திலீன் நம் நோட்டில் ஈத்தீன். மாங்காயைப் பழுக்க வைக்கக் கார்பைட் கல் போடுவதற்குத் தடை இருக்கிறதே, அந்தக் கல்லில் ஈரம் பட்டு வருவதும் இதே அசிட்டிலீன்தான். சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். அவற்றுக்கு மட்டும் கடையிலும் நோட்டிலும் ஒரே பெயர்.

பழைய பெயர்களில் மூன்று சொல் தெரிந்தால் சமாளிக்கலாம். நார்மல் என்றால் கிளையில்லாத நேர்ச்சங்கிலி. ஐசோ என்றால் முனைக்கு அடுத்த கார்பனில் ஒரு மெத்தில். நியோ என்றால் அங்கே இரண்டு மெத்தில். பென்டேனில் மூன்றும் உண்டு: நார்மல் பென்டேன் அப்படியே பென்டேன், ஐசோபென்டேன் 2-மெத்தில்பியூட்டேன், நியோபென்டேன் 2,2-டைமெத்தில்புரோப்பேன். மூன்றிலும் ஐந்து கார்பன், 12 ஹைட்ரஜன். ஆனால் கொதிநிலை முறையே சுமார் 36, 28, 10 டிகிரி செல்சியஸ். கிளை கூடக்கூட மூலக்கூறு உருண்டையாகி, ஒன்றையொன்று தொட்டுப் பிடிக்கிற பரப்பு குறைகிறது, சீக்கிரம் ஆவியாகிறது. ஊட்டியில் மூடி வைத்தால் திரவமாகவே இருக்கும் நார்மல் பென்டேன், 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் மே மாதத்தில் திறந்து வைத்தால் கொதித்தே போய்விடும்.

பெயரை வைத்துப் போலியைப் பிடிப்பது

கற்றுக்கொண்டதைச் சோதிக்க ஒரு வேலை. ஆறு கார்பன் ஆல்கேன்களை எல்லாம் வரையச் சொன்னால் யாராவது ஒருவர் ஏழு வரைந்து வருவார். போன மாதம் அந்தக் குடியாத்தம் பையன்தான் வந்தான். ஏழும் பார்க்க வேறு வேறு மாதிரிதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதச் சொன்னேன். ●–●(●)–●–●–● என்பதற்கு 2-மெத்தில்பென்டேன் வந்தது. வேறொரு மூலையில் ●–●–●–●(●)–● வரைந்திருந்தான், அதற்கு முதலில் 4-மெத்தில்பென்டேன் என்று எழுதினான். “எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணின?” என்றேன். பேனாவை எடுத்துத் தானே அடித்துவிட்டு 2 போட்டான். ●–●(●–●)–●–● என்று வளைத்து வரைந்திருந்தது 3-மெத்தில்பென்டேனின் மறுபதிப்பு. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒரே மூலக்கூறு இரண்டு முறை வரைந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் ஐந்து: ஹெக்ஸேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன்.

நீங்கள் ஹெப்டேனுக்குச் செய்து பாருங்கள். நீளமான சங்கிலியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கார்பனாகக் கழற்றிக் கிளையாக மாட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிப் போலியை அடித்துவிடுங்கள். ஒன்பது வர வேண்டும். எட்டோடு நின்றுவிட்டால், விட்டது பெரும்பாலும் 3-எத்தில்பென்டேன், இல்லையென்றால் 2,2,3-ட்ரைமெத்தில்பியூட்டேன்.